இரண்டாம் முறை சென்ற பாடகர்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் மதுவினால் நலிந்த குடும்பங்களிடையே சென்று பணிபுரிவோர் இரண்டு கூற்றுகளைக் கேட்காமல் திரும்புவதில்லை. ஒன்று, "ஒருக்காக் கொண்டுபோய் மருந்து செய்விச்சது, திரும்பவும் குடிக்கிறான், இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை" என்பது. மற்றையது, "பிள்ளையைப் பறிகுடுத்த மனுசன்; குடியாமல் என்ன செய்யும்?" என்பது. முன்னது சலிப்பிற் பிறந்தது. பின்னது இரக்கத்திற் பிறந்தது. பிறப்பு வேறாயினும் இரண்டும் சென்று முடியும் இடம் ஒன்றே. வீழ்ந்த மனிதனை அவன் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கவிட்டு, சுற்றத்தார் அப்பாற் செல்வதற்கு இவ்விரண்டும் வழி செய்கின்றன.

இவ்விரு கூற்றுகளையும் மருத்துவ நூல்களைக் கொண்டு மறுக்கலாம். ஆனால் நூலின் மறுப்பைவிட ஒரு வாழ்க்கையின் மறுப்பு வலிமையுடையது. இங்கிலாந்து நாட்டுப் பாடகரும் கிற்றார் வாத்தியக் கலைஞருமான எரிக் கிளாப்டனின் வாழ்க்கை அத்தகையது. அவர் ஒருமுறை மருத்துவ நிலையம் சென்று, திரும்பி வந்து, மீண்டும் குடித்தவர். பின்னர் இரண்டாம் முறை சென்றவர். அதன்பின் பெற்ற மகனைப் பறிகொடுத்தும் குடியாதிருந்தவர். வன்னி மக்கள் அவருடைய பாடல்களைக் கேட்டிருக்க வேண்டுமென்பதில்லை. அவரை ஒரு மகான் என்று கொள்ளவும் வேண்டியதில்லை. நம்மவர் போன்ற குடியேறிகளை அவர் மேடையேறி இழித்துரைத்த நாளும் உண்டு. அதுவும் இங்கே சொல்லப்படும்.

பாடகர் ஒருவரின் குடியை ஊரார் எளிதில் மன்னித்துவிடுவர். கலைஞனுக்கு அது வேண்டியிருக்கிறது என்றும், அஃதில்லாவிடிற் குரல் பிறவாது என்றும் சொல்வோர் எந்த ஊரிலும் உளர். தமிழ்ப் படவுலகிலே மேனாட்டு முறையிற் பாடிப் புகழ்பெற்ற ஜே. பி. சந்திரபாபுவை அறியாத வானொலி நேயர் அரியர். தூத்துக்குடியில் 1927 ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் இளமையைக் கொழும்பிலே கழித்தவர். தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டமையாற் குடும்பம் இலங்கைக்கு வர நேர்ந்தது. தொண்டையிற் குரலை உடைத்து உடைத்துப் பாடும் மேனாட்டு முறையை அவரைப்போல் தமிழிற் கையாண்டவர் வேறொருவர் இல்லை. புகழ் குன்றிய காலத்தில் அவர் மதுவுக்கும், பெத்தடின் என்னும் ஊசி மருந்துக்கும் ஆட்பட்டார். 1974 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8 ஆம் நாள், 46 ஆவது வயதில், பொருளிழந்து மறைந்தார். அவரது நகைச்சுவையை இன்றும் சொல்லிச் சிரிக்கின்றோம். அவரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

நம் நாட்டுத் தமிழ்ப் பொப் இசைக்கு முன்னோடியான உரும்பிராய் நித்தி கனகரத்தினம், கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாமென்று எச்சரிக்கும் பாடலொன்றை ஆக்கிப் பாடினார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் திருமண வீடுகளில் அது ஒலிக்கின்றது. பைலா மெட்டில் அமைந்தமையால் அதற்கு ஆடுவோரும் உண்டு. ஆடுவோரிற் சிலர் சற்று முன்னரே குடித்திருப்பதும் உண்டு. அது பாடலின் குற்றமன்று. எச்சரிக்கை என்பது இன்னும் குடியாதவனுக்கே பயன்படும். குடியில் அமிழ்ந்தவனுக்கு வேண்டியது வேறு.

இனிக் கிளாப்டனிடம் வருவோம். அவர் 1945 ஆம் ஆண்டு மார்ச்சு 30 ஆம் நாள், இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள ரிப்ளி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தாயார் மணமாகாத பதினாறு வயதுப் பெண். தந்தை போர்க்காலத்தில் அங்கு வந்திருந்த கனடாப் படைவீரர். பாட்டியே தாயென்றும், பெற்ற தாயே தமக்கையென்றும் சொல்லி அப்பிள்ளை வளர்க்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது வயதில் உண்மை வெளிப்பட்டது. வெளிநாட்டில் வாழ்ந்துவந்த தாய் ஊருக்கு வந்தபோது, இனியாவது அம்மா என்று அழைக்கலாமா என்று கேட்ட சிறுவனுக்கு, வேண்டாம் என்ற விடையே கிடைத்தது. அப்புண் நெடுநாள் ஆறவில்லை என்று அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

பதின்மூன்றாம் வயதிற் கிற்றார் கையில் வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர்ப் பாடல்களான புளூஸ் இசையில் மனம் பற்றிக்கொண்டது. இருபது வயதளவில், இலண்டன் நகரச் சுவரொன்றில் "கிளாப்டனே கடவுள்" என்று யாரோ எழுதிவைக்கும் அளவுக்குப் புகழ் வந்துவிட்டது. நடிகருக்குப் பாலாபிடேகம் செய்யும் நாட்டுக்கு அண்மையில் இருந்துகொண்டு அதனைப் பார்த்து நாம் நகைப்பது தகாது. யாட்பேட்ஸ், கிரீம் முதலிய குழுக்களிற் சேர்ந்தும் பிரிந்தும், 1970 ஆம் ஆண்டிலே தம் பெயரிலேயே முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டார். தனிப் பாடகராக நிற்க வேண்டிய அந்த வேளையிலேதான் ஹெரோயின் என்னும் நஞ்சு அவரைப் பற்றியது.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் தம் மாளிகைக்குள் அடைபட்டுக் கிடந்தார். 1971 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பங்களாதேச அகதிகளுக்கு உதவும் பொருட்டுப் பண்டிதர் ரவிசங்கரும் ஜோர்ச் ஹரிசனும் நியூயோர்க்கில் நடத்திய பெருங் கச்சேரிக்கு நலிந்த உடலோடு வந்து வாசித்துச் சென்றார். 1973 சனவரியில் நண்பர்கள் இலண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு கச்சேரியை ஒழுங்கு செய்து அவரை வெளியே இழுத்து வந்தனர். கைதட்டல் பெரிதாக இருந்தது. கச்சேரி முடிந்ததும் அவர் மீண்டும் ஹெரோயினிடமே சென்றார். கைதட்டல் மருந்தாவதில்லை.

1974 ஆம் ஆண்டில் மெக் பற்றர்சன் என்னும் பெண் மருத்துவர் அவருக்குச் சிகிச்சை செய்தார். ஸ்கொத்லாந்தில் பிறந்து, இந்தியாவின் லூதியானாவில் அறுவை வைத்தியராகப் பணிபுரிந்து, பின்னர் ஹொங்கொங் நகரில் அக்குபஞ்சர் முறையை அறிந்துகொண்டவர் அவர். நோயாளியைத் தம் குடும்பத்தோடு தம் வீட்டிலேயே தங்கவைத்தமை அவரது முறையிற் குறிப்பிடத்தக்கது. ஹெரோயின் அகன்றது. அதன்பின் உடல் தேறும்பொருட்டு, வேல்சு நாட்டு எல்லையையடுத்த ஒரு பண்ணைக்குக் கிளாப்டன் அனுப்பப்பட்டார். அங்கே வைக்கோற் கட்டுச் சுமந்தும், விறகு பிளந்தும், தொழுவம் துப்புரவாக்கியும் உழைத்தார். உடல் உரம் பெற்றது.

இங்குச் சற்று நிற்க வேண்டும். "வயலில் இறக்கி விட்டால் திருந்திவிடுவான்" என்ற நம்பிக்கை வன்னியிலும் உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றவாசிகளின் வழிவந்தோர் உழைப்பின்மேல் நம்பிக்கை வைத்தல் இயல்பே. உழைப்பு உடலைத் தேற்றும் என்பதும் மெய்யே. ஆனால் அந்த ஆங்கிலப் பண்ணையிலே பகலில் உழைத்த கிளாப்டன், மாலையானதும் ஊர் மதுக்கடைக்குச் சென்று, நினைவு தப்பும்வரை குடித்தார். பண்ணைக்குச் சென்றபோது ஹெரோயினை விட்டவராகச் சென்றார். பண்ணையை விட்டு வந்தபோது குடிகாரராக வந்தார். ஆயின் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஹெரோயினோடு ஒப்பிடுகையில் மது சிறியதன்றோ! சட்டம் தடுக்காததன்றோ!

கசிப்பை விட்டுச் சாராயத்துக்கு மாறியவரையும், சாராயத்தை விட்டுப் பியருக்கு மாறியவரையும் "இப்ப பிழையில்லை" என்று சொல்லும் வழக்கம் இங்கும் இருக்கின்றது. கசிப்பின் நச்சுத்தன்மை தனி என்பது உண்மை. எனினும், எதைக் குடிக்கின்றான் என்பதைவிட, குடியாமல் ஒருநாளைக் கழிக்க அவனால் முடிகின்றதா என்பதே வினா.

அவ்வாண்டு யூலையில் வெளிவந்த அவரது தனி இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. யமேக்கா நாட்டுக் கறுப்பினக் கவிஞர் பொப் மார்லியின் பாடலொன்று கிளாப்டனின் குரலில் அங்கே முதலிடத்துக்கு ஏறியது. சந்திரபாபு சென்னையில் மறைந்து சில மாதங்களே கழிந்திருந்தன. ஒரே ஆண்டில் ஒருவர் முடிவும் மற்றவர் வெற்றியும் நேர்ந்தன. ஆனால் வெற்றி பெற்றவர் இன்னும் மீளவில்லை என்பதை அந்நாளில் உலகம் அறியவில்லை.

1976 ஆகஸ்ட் 5 ஆம் நாள், பேர்மிங்காம் நகர அரங்கில், குடிவெறியோடு மேடையேறிய கிளாப்டன், இங்கிலாந்து வெளிநாட்டாரால் நிரம்பிவிட்டதென்றும், அவர்களை வெளியேற்ற வேண்டுமென்றும், இனத்துவேசப் பேச்சாளர் ஏனொக் பவலுக்கு வாக்களிக்க வேண்டுமென்றும் பிதற்றினார். கறுப்பின மக்களின் இசையால் வாழ்ந்து, கறுப்பினக் கவிஞர் ஒருவரின் பாடலாற் பொருளீட்டிய மனிதரின் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை. அவற்றை எதிர்த்து இனவெறிக்கு எதிரான இசையியக்கம் ஒன்றே இங்கிலாந்திற் பிறந்தது. இன்று வன்னியிற் பல குடும்பங்களின் பிள்ளைகள் அந்நாட்டிலேயே வாழ்கின்றனர். ஆகவே அச்சொற்கள் நமக்கும் உரியவையே. பிற்காலத்தில் அவர் அதற்காக நாணுவதாகக் கூறினார். மது பேசவைத்தது என்று சொல்லி அதனை முழுதும் தள்ளிவிடுதல் நேர்மையன்று. குடி நாவைக் கட்டவிழ்க்கும். நாவிலுள்ளதை அது படைப்பதில்லை. குடியால் வீட்டில் நிகழும் அடிக்கும் வசைக்கும் இதே நியாயம் பொருந்தும். நோயுற்றவன் இரங்கத்தக்கவன், அவன் செய்த தீங்குக்கு அவனே பொறுப்பாளி. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

1981 இல், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே, இரைப்பைப் புண்கள் முற்றி, செயின்ற் போல் நகர மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். பயணம் கைவிடப்பட்டது. தற்கொலை செய்துகொள்ளாமைக்கு அந்நாளில் தமக்கிருந்த காரணம், இறந்துவிட்டாற் பின்னர்க் குடிக்க இயலாது என்பதே என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். குடிநோயின் பிடி எத்தகையது என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்லல் அரிது.

1982 சனவரியில், அவருடைய தொழில் முகாமையாளர் அவரை மினசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் என்னும் நிலையத்திற் சேர்த்தார். 1949 இல் ஒரு பண்ணை வீட்டிலே தொடங்கப்பட்ட நிலையம் அது. அங்கே நோயாளி தன் படுக்கையைத் தானே விரிக்க வேண்டும். மேசை துடைத்தல் முதலிய வேலைகளிற் பங்குகொள்ள வேண்டும். மற்ற நோயாளிகளோடு வட்டமாக அமர்ந்து தன் கதையைச் சொல்லவும் அவர்கள் கதையைக் கேட்கவும் வேண்டும். உலகப் புகழ் பெற்றவருக்கும் வேறு சட்டமில்லை. இம்முறை, 1935 இல் ஒகாயோ மாநிலத்து அக்கிரன் நகரிலே பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பொப் சிமித் என்னும் மருத்துவரும் தொடங்கிய மதுவடிமையர் கூட்டுறவிலிருந்து வந்தது. குடித்துக் கெட்ட இருவர், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும் வரையிற் குடியாதிருக்க முடிகின்றது என்று கண்டனர். கண்டுபிடிப்பு அவ்வளவே. அதிலிருந்து உலகெங்கும் பரந்த ஓரியக்கம் வளர்ந்தது.

கிளாப்டன் குடியை விட்டு வீடு திரும்பினார். சில ஆண்டுகள் சென்றன. மீண்டும் குடித்தார்.

இவ்விடத்தில்தான் முதலிற் சொன்ன சலிப்பு பிறக்கும். ஒருமுறை ஆயிற்று, செலவும் ஆயிற்று, ஊரும் அறிந்தது, பயனில்லை. வெளிப்பார்வைக்கு அவர் வாழ்வு அப்போது செழித்தே இருந்தது. 1985 இல் பசித்தோர்க்கு நிதி திரட்டிய உலகப் பெருங் கச்சேரியிற் பாடினார், இசைத்தட்டுகள் விற்பனையாயின. உள்ளே நிகழ்ந்தது வேறு. 1986 ஆகஸ்ட்டில் கோனர் என்னும் ஆண்குழந்தை அவருக்குப் பிறந்தது. தந்தையின்றி வளர்ந்த மனிதர் தந்தையானார். அந்தக் குழந்தை தம்மைக் குடித்த நிலையிற் காண்பதை அவராற் பொறுக்க முடியவில்லை. 1987 நவம்பரில் அதே ஹேசல்டனுக்கு இரண்டாம் முறை சென்றார்.

இரண்டாம் முறை எவ்வாறு வேறுபட்டது? முதன்முறை சென்றபோது, போய்க்கொண்டிருந்த தொழிலையும் இல்வாழ்வையும் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணமே மேலோங்கி நின்றது. இரண்டாம் முறையும் நாட்கள் முடிவதற்குள் மனம் மாறிவிடவில்லை. வெளியே சென்றால் மீண்டும் குடிப்போம் என்ற அச்சம் ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டது. தம் அறையில், கால் தளர்ந்து, முழங்காலில் விழுந்து, தம்மால் இயலாது, உதவி வேண்டும் என்று வேண்டினார். யாரை நோக்கி என்பது அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அன்று தொட்டுக் காலையில் உதவி கேட்டும், இரவில் நன்றி சொல்லியும் முழங்காலில் நிற்பதை அவர் விடவில்லை. இதனைப் பக்தியென்று கொள்வோர் கொள்ளலாம். பக்தியில்லாதவர்க்கும் இதில் ஒன்றுண்டு: "இனி வாழ்நாளிற் குடியேன்" என்று ஆலய முன்றிலிற் சூடம் அணைத்துச் செய்யும் பெருஞ்சத்தியத்துக்குப் பதிலாக, இன்று ஒருநாளைக்கு உதவி வேண்டும் என்று நாள்தோறும் கேட்பது அது. முன்னதை முறித்தவன் வெட்கத்தினால் மேலும் குடிக்கின்றான். பின்னதில் முறிவதற்கு ஒருநாளே உண்டு.

இதுவரை சொன்னது முதற் கூற்றுக்கு விடையாகும். மற்றக் கூற்று இதனினும் கடியது.

1991 மார்ச்சு 20 ஆம் நாள், நியூயோர்க்கில் ஐம்பத்துமூன்றாவது மாடியிலுள்ள வீடொன்றின் திறந்த யன்னலூடாக விழுந்து கோனர் இறந்தான். வயது நாலரை. கிளாப்டன் குடியை விட்டு மூன்று ஆண்டுகளும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. அவர் குடிக்கப்போகிறார் என்று எண்ணினோர் பலர். குடித்தாற் குறைகூறியிருப்பார் எவருமில்லை. அவர் குடிக்கவில்லை. தம்மைப் போன்றவர்கள் கூடும் கூட்டங்களுக்குச் சென்றார். கிற்றாரை எடுத்துத் தனியே அமர்ந்து வாசித்தார். அத்துயரத்திற் பிறந்த பாடல் உலகெங்கும் கேட்கப்பட்டது. மின்னொலிக் கருவிகளை நீக்கி, 1992 சனவரியில் நாற்காலியில் அமர்ந்து பாடிய கச்சேரியின் ஒலிப்பதிவு அவரது தனிப்பாடல் வாழ்வின் உச்சமாயிற்று. 1993 இல் அவருக்கு ஆறு கிராமி விருதுகள் கிடைத்தன. 2004 அளவிற் சிலகாலம் அந்தப் பாடலை மேடையிற் பாடாது நிறுத்தினார். அந்த இழப்பை முன்போல உணரவில்லை என்றும், உணராமற் பாடுதல் கூடாதென்றும் காரணம் சொன்னார். துயரமும் காலத்தால் உருமாறும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டுமா?

விருதுகளைவிட ஒரு சிறு நிகழ்ச்சி இங்கே முக்கியம். மகன் இறந்தபின், மதுவை விட்டோரின் கூட்டமொன்றிற் கிளாப்டன் பேசினார். பேச்சு முடிந்ததும் ஒரு பெண் வந்து, குடிப்பதற்குத் தன்னிடம் எஞ்சியிருந்த கடைசிச் சாட்டையும் அவர் பறித்துவிட்டதாகக் கூறினாள். தன் பிள்ளைகளுக்கு ஏதும் நேர்ந்தாற் குடிப்பது நியாயமே என்ற எண்ணத்தை மனத்தின் ஒரு மூலையில் அவள் ஒளித்து வைத்திருந்தாள். அது நியாயமன்று என்பதை அவரைக் கண்டு அறிந்தாள். அதைக் கேட்டபோதுதான், அந்த இறப்பிலிருந்தும் ஒரு நன்மையை உண்டாக்கலாம் என்று தமக்குப் புலப்பட்டதாகக் கிளாப்டன் எழுதியுள்ளார்.

வன்னியின் துயரத்தை இத்துயரத்தோடு நிறுத்துப் பார்த்தல் ஆகாது. 2009 மே மாதம் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்திற் பிள்ளைகளைப் பறிகொடுத்தோர், ஈமக்கடன் செய்யவும் வழியின்றி நடந்தனர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. வயலிற் கண்ணிவெடி இருந்தது. பாதைகள் திறந்தன, பாதை வழியே மதுவும் வந்தது. இம்மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் விரிவாக எழுதியுள்ளார். ஒரு தனிமனிதனின் உள்ளம் உடைவது வேறு. உறவும் ஊரும் அயலும் சேர்ந்து உடைவது வேறு என்பது அவர் ஆய்வின் சாரம். தேற்றுதற்குரிய சுற்றமே சிதறிப்போனவனுக்குப் போத்தல் துணையாக வருகின்றது. ஆகவே "குடியாமல் என்ன செய்யும்?" என்று கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று எவரும் சொல்லார். அவர் இரங்கியே கேட்கின்றார்.

ஆயினும் அந்த இரக்கத்தில் ஒரு கோணல் உண்டு. அது ஆடவருக்கே வழங்கப்படுகின்றது. அதே பிள்ளையைச் சுமந்து பெற்ற தாய் குடியாமல் என்ன செய்வாள் என்று எவரும் கேட்பதில்லை. அவள் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகின்றாள்; கூலிக்குச் செல்கின்றாள்; எஞ்சிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றாள்; இரவில் குடித்து வந்தவனின் அடியையும் தாங்குகின்றாள். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னாலும் வவுனியாவிலும், காணாமற்போன தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமரத் தொடங்கிய தாய்மார், ஆண்டுக்கணக்காக வெயிலிலும் மழையிலும் அமர்ந்தனர். துயரம் அளவிறந்ததாயின் குடி தவிர்க்கவொண்ணாதது என்பது மெய்யாயின், அத்தாய்மார் அனைவரும் எப்போதோ குடிகாரராகியிருக்க வேண்டும். துயரம் பொது. குடி அதற்கு ஆடவர் சிலர் கண்ட ஒரு வழி. துயரம் உள்ளவரை குடியை விட முடியாது என்று காத்திருத்தலும் பிழை. குடியை விட்டதும் துயரம் நீங்கிவிடும் என்று எண்ணுதலும் பிழை. இரண்டுக்கும் தனித்தனியே மருந்து வேண்டும்.

குடும்பத்தாரும் நோயாளிகளே என்பதை உணர்ந்து நிலையமொன்றை அமைத்த பெருமை ஒரு தமிழகப் பெண்மணிக்கு உரியது. சென்னையில் தம் கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயராலேயே 1980 இல் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் அது. அதனாலும் அவரைக் காக்க முடியவில்லை. அங்கே குடித்தவனுக்கு மட்டுமன்றி அவன் மனைவிக்கும் பெற்றோர்க்கும் தனியே அறிவுரை வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. அவன் கடனை அடைத்துக் கொடுத்தல், வேலைத்தலத்துக்கு அவனுக்காகப் பொய்சொல்லல், இன்று திட்டி நாளை பணம் கொடுத்தல் ஆகியன அன்பினாற் செய்யப்படினும் நோயை வளர்ப்பன என்பதை அவர்கள் அங்கே கற்கின்றனர்.

கிளாப்டன் 1998 இல் கரிபியன் கடலிலுள்ள அன்ரிகுவாத் தீவில் இத்தகைய நிலையமொன்றை நிறுவினார். வெளிநாட்டுச் செல்வரோடு, பொருள் வசதியற்ற அத்தீவினரும் அங்கே சிகிச்சை பெற வழி செய்யப்பட்டது. அதற்கு நிதி திரட்ட 1999 இல் தம் கிற்றார்கள் நூறை ஏலத்தில் விற்றார். ஏறக்குறைய ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. 2004 இல் மீண்டும் ஓர் ஏலம் நடந்தது. பல்லாண்டுகள் அவர் தோளிற் கிடந்த கறுப்புக் கிற்றார் ஒன்றே 9,59,500 டொலருக்கு விலைபோயிற்று.

வன்னியில் அத்தகைய ஏலத்துக்கு வழியில்லை. ஆனால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநல சேவை உண்டு, கட்டணம் இல்லை. செல்வோர் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலே திடீரென்று நிறுத்துதல் ஆபத்தானது. முதல் இரண்டு மூன்று நாட்களிற் கைந்நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, வலிப்பு, இல்லாத உருவங்களைக் கண்டு அஞ்சுதல் ஆகியன தோன்றலாம், உயிராபத்தும் நேரலாம். இதனைப் பேய்க்குற்றம் என்று எண்ணி நூல் கட்டிக் காலங்கடத்துவோரும், "குடியாவிட்டால் ஆளுக்கு ஏலாமற் போகுது" என்று மீண்டும் ஒரு கிளாசை ஊற்றிக் கொடுப்போரும் உளர். மருத்துவரின் மேற்பார்வையில் இந்நாட்களை மருந்தோடு கடத்தலாம்.

முன்னர் ஒருமுறை சிகிச்சை பெற்று மீண்டும் குடித்தவர், அதே வைத்தியசாலைக்குச் செல்ல நாணுவர். தாதியர் முகம் தெரிந்தவர். பெயர் பதிவேட்டில் இருக்கின்றது. என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். அவரை அழைத்துச் செல்பவர் பழைய கிளினிக் கொப்பியை மறவாமல் எடுத்துச் செல்வது நல்லது. முன்னர் எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் தங்கினார், எத்தனை மாதம் குடியாதிருந்தார் என்பன அதிலிருந்து மருத்துவருக்குத் தெரியவரும்.